தானோட்டிக் காரைச் சாலையில் இறக்கும் முன்: சோதனைப் பாதுகாப்புக்கு ஒரு வழிகாட்டி

மூடிய திடலில் நூறு முறை ஓட்டிப் பார்த்தாயிற்று, கார் சொன்னபடி கேட்கிறது, இனி சாலையில் இறக்க வேண்டியதுதானே என்று எங்கள் குழுவில் எல்லோரும் கேட்டார்கள். நானும்தான் கேட்டேன். சாலைச் சோதனையின் பாதுகாப்புப் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது மூன்று மாத வேலை என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். பத்து மாதம் ஆனது. அதில் பாதிக்கு மேல், எதை முதலில் தொடங்க வேண்டும் என்று தெரியாமல் கரைந்த காலம். உங்களுக்கு அது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது ஓட்டுநர் இருக்கையில் ஆள் அமர்ந்திருக்கும் சோதனைக்கான வழிகாட்டி. அந்த ஆளைத்தான் பாதுகாப்பு ஓட்டுநர் என்கிறேன். அவர் காரிடமிருந்து கட்டுப்பாட்டை வாங்கிக்கொள்வதைக் கைப்பற்றுதல் என்கிறேன். ஆளே இல்லாமல் ஓட்டும் சோதனை வேறு கதை. அதற்கு இது போதாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோதனைக் கட்டத்தில் உங்கள் மென்பொருள் பாதுகாப்பானது என்று நம்பிச் சாலைக்குப் போகக் கூடாது. அது பாதுகாப்பானதா என்று தெரியாததால்தானே சோதிக்கிறீர்கள்? அதுவரை சாலையில் போகிறவர்களைக் காப்பது இருக்கையில் இருக்கும் மனிதரும் அவரைச் சுற்றி நீங்கள் கட்டும் ஒழுங்கும்தான்.

1. "நிறுத்து" என்று சொல்ல ஒருவரை நியமியுங்கள்

கார் வாங்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. சோதனையை எந்த நேரத்திலும், யாரையும் கேட்காமல் நிறுத்தும் அதிகாரம் உள்ள ஒருவர் வேண்டும். அவர் மென்பொருள் குழுத் தலைவரிடம் பணிபுரிபவராக இருக்கக் கூடாது. அடுத்த வாரம் முதலீட்டாளருக்குக் காரை ஓட்டிக் காட்ட வேண்டும் என்ற நெருக்கடியில் இருப்பவரிடமே "இன்று ஓட்டலாமா?" என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பி நகரில் ஊபரின் சோதனைக் கார் மோதி, சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண் இறந்தார். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது, அந்தச் சோதனைப் பிரிவில் தனிப் பாதுகாப்புப் பிரிவோ முறையான பாதுகாப்புத் திட்டமோ இல்லை என்று கண்டது. அந்த விசாரணை அறிக்கையை உங்கள் குழுவில் எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டும். கீழே நான் சொல்லும் பல பொறிகள், அதாவது எளிதில் மாட்டிக்கொள்ளும் தவறுகள், அதில் வரிசையாக இருக்கின்றன.

தேவையான ஆவணம் ஒரே பக்கம்தான்: யார் நிறுத்தலாம் (பதில்: எல்லோரும்), யார் மீண்டும் தொடங்கச் சொல்லலாம் (பதில்: ஒருவர் மட்டும்). நிறுவனத் தலைவரின் கையெழுத்து அதில் இருக்கட்டும். செலவு கிடையாது, ஆனால் இந்தக் கையெழுத்தை வாங்க எனக்கு ஐந்து வாரம் ஆனது.

2. எங்கே, எப்போது, எந்த வேகத்தில்: இயக்க எல்லையை எழுதுங்கள்

கார் எந்தச் சூழலில் தானாக ஓடலாம் என்பதன் வரையறை இது. சாலை வகை, வேக வரம்பு, பகலா இரவா, மழை எவ்வளவு வரை, பள்ளி நேரம், சிக்னல் இல்லாத சந்திப்பு, சாலைப் பணி நடக்கும் இடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என எழுத வேண்டும். எழுத உட்காரும்போது பிரிட்டனின் பாஸ் 1883 என்ற தர ஆவணத்தில் உள்ள பட்டியலை எதிரே வைத்துக்கொள்ளுங்கள். எது விட்டுப்போனது என்று அது காட்டிக்கொடுக்கும்.

பொறி இதுதான்: "லேசான மழையில் ஓட்டலாம்" என்று எழுதிவிடுவோம். லேசானது எது? ஓட்டுநர் காருக்குள் அமர்ந்து முடிவெடுக்கக்கூடிய அளவுகோல் வேண்டும். நாங்கள் கடைசியில் "வைப்பர் தொடர்ந்து ஓட வேண்டியிருந்தால் கைமுறைக்கு மாறு" என்று எழுதினோம். அறிவியல் துல்லியம் இல்லைதான், ஆனால் அதற்குப் பிறகு ஒருவரும் வாதாடவில்லை.

எல்லையைச் சிறிதாகத் தொடங்குங்கள். ஒரே பாதை, ஒரே நேரம், குறைந்த வேகம். அந்தப் பாதையை முதலில் மனிதர் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு சந்திப்பிலும் என்ன ஆபத்து என்று குறித்துக்கொள்ள வேண்டும். காரை ஒதுக்கி நிறுத்த எங்கெல்லாம் இடம் இருக்கிறது என்பதும் அந்தக் குறிப்பில் வர வேண்டும். இதைப் பலரும் மறக்கிறார்கள்.

3. காப்பீட்டையும் அனுமதியையும் முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்

நான் செய்த மிகப் பெரிய தவறு இதைக் கடைசிக்கு வைத்ததுதான். கார் தயாரான பிறகு காப்பீட்டுக்குப் போனேன். அவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லவே எங்கள் ஆவணங்களில் பாதியைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. 11 வாரம் கார் கொட்டகையில் நின்றது.

விதிகள் இடத்துக்கு இடம் வேறுபடும். கலிஃபோர்னியாவில் மோட்டார் வாகனத் துறையின் அனுமதி வாங்க வேண்டும். 50 லட்சம் டாலர் அளவுக்குக் காப்பீடோ பிணைப் பத்திரமோ காட்ட வேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே அங்கே விதி. பிரிட்டனில் நிலைமை நேர்மாறு. கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளத் தயாராக ஓர் ஓட்டுநர் இருந்து, வாகனம் சாலைத் தகுதியோடும் காப்பீட்டோடும் இருந்தால் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் அரசின் நடைமுறைக் கோவை பாதுகாப்பு ஆவணத்தின் (கீழே வரும் பாதுகாப்பு வாதம்) சுருக்கத்தைப் பொதுமக்கள் படிக்க வெளியிடச் சொல்கிறது. சிங்கப்பூரில் மூடிய திடலில் அதிகாரிகள் முன்னிலையில் முதல் கட்டத் தேர்வில் தேறிய பிறகே பொதுச் சாலை. உங்கள் இடத்தில் எது பொருந்தும் என்று ஒரு போக்குவரத்துச் சட்ட வழக்கறிஞரிடம் இரண்டு மணி நேரம் செலவழியுங்கள். நண்பரின் நிறுவனம் சென்ற ஆண்டு என்ன செய்தது என்று கேட்டு அதை அப்படியே பின்பற்றாதீர்கள். இந்தத் துறையில் விதிகள் அடிக்கடி மாறுகின்றன.

எங்கே விண்ணப்பித்தாலும் ஏறக்குறைய இவற்றைத்தான் கேட்பார்கள்: வாகனப் பதிவும், அதில் நீங்கள் செய்த மாற்றங்களின் பட்டியலும், இயக்க எல்லை, ஓட்டுநர்களின் உரிமமும் கடந்த சில ஆண்டுகளின் ஓட்டுநர் வரலாறும், பயிற்சித் திட்டம், அவசர உதவியாளர்களுக்கான குறிப்பு, காப்பீட்டுச் சான்று, தரவை எப்படிச் சேமிப்பீர்கள் என்ற விளக்கம்.

இவை எல்லாவற்றையும் கோக்கும் நூல்தான் பாதுகாப்பு வாதம் என்ற ஆவணம். "இந்தச் சோதனை போதிய அளவு பாதுகாப்பானது, ஏனென்றால்..." என்று தொடங்கி, ஒவ்வோர் "ஏனென்றால்"-க்கும் சான்று காட்டுவது. பிரிட்டனின் அதே தர வரிசையில் உள்ள பாஸ் 1881 இதற்கென்றே எழுதப்பட்டது. யு.எல். 4600 என்ற அமெரிக்கத் தர ஆவணம் இன்னும் பெரியது, ஆளில்லாமல் ஓடும் வாகனங்களை மனதில் வைத்து எழுதியது. சிறு குழு அதை முழுவதும் நிறைவேற்றக் கிளம்பினால் மூச்சு முட்டும். ஆனால் அதில் உள்ள "இதை யோசித்தீர்களா?" வகைக் கேள்விகளைப் படித்து வையுங்கள்.

வேறொரு நிறுவனத்தின் பாதுகாப்பு வாதத்தை எடுத்துப் பெயரை மாற்றி அனுப்பலாம் என்று யாராவது சொல்வார்கள். எங்களிடம் சொன்னார்கள், நாங்களும் செய்தோம். எங்கள் காரில் இல்லாத ஒரு ராடாரைப் பற்றிக் காப்பீட்டு ஆய்வாளர் மூன்று கேள்வி கேட்டபோது என் முகம் எங்கே போனது என்று தெரியவில்லை.

4. காரைத் தயார் செய்யுங்கள்

மென்பொருளைப் பற்றி இங்கே பேசவில்லை. மென்பொருள் என்ன உளறினாலும் மனிதர் காரை வாங்கிக்கொள்ள முடியுமா என்பதே இங்கே கேள்வி.

கைப்பற்ற மூன்று வழி இருக்க வேண்டும்: பிரேக் மிதிப்பது, ஸ்டீயரிங்கைத் திருப்புவது, பொத்தானை அழுத்துவது. மூன்றும் ஒன்றையொன்று சாராமல் வேலை செய்ய வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் என்ன நடக்கும் என்பதையும் முடிவு செய்து எழுதி வையுங்கள். பல குழுக்களில் இதற்குப் பதில் ஆளுக்கு ஒன்றாக இருக்கும்.

அவசர நிறுத்தப் பொத்தானில் ஒரு மோசமான பொறி உண்டு. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் எல்லா மின்சாரமும் போகும்படி கட்டிவிடுவார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பவர் ஸ்டீயரிங்கும் பிரேக் உதவியும் சேர்ந்து போய்விட்டால், ஓட்டுநர் கையில் கிடைப்பது கல்லாய்க் கனக்கும் ஒரு கார். பொத்தான் வெட்ட வேண்டியது கணினி காருக்குக் கட்டளை அனுப்பும் வழியை மட்டுமே. அதேபோல, கணினி உறைந்துபோனால், கணினிக்கும் காருக்கும் நடுவில் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி அதைத் தானாகவே கண்டு கைமுறைக்கு மாறி, உரக்க ஒலி எழுப்ப வேண்டும். ஓடும்போது கணினியின் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். திடலில்தான், சாலையில் அல்ல.

ஸ்டீயரிங்குக்கு ஒரு சின்னக் கணக்கு. சாலையில் ஒரு தடம் சுமார் 3.5 மீட்டர், கார் சுமார் 1.9 மீட்டர். இரண்டு பக்கமும் 80 சென்டிமீட்டர்தான் மிச்சம். மென்பொருள் தவறாகத் திருப்பி, பக்கவாட்டு வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 2 மீட்டர் கூடினால், அந்த 80 சென்டிமீட்டரைத் தாண்ட ஒரு நொடிகூட ஆகாது. எவ்வளவு விழிப்பான ஓட்டுநருக்கும் அது போதாது. ஆகவே ஒரே கட்டளையில் ஸ்டீயரிங் எவ்வளவு வேகமாகத் திரும்பலாம் என்ற வரம்பை, தானோட்டி மென்பொருளுக்கு வெளியே, கீழ்மட்டக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலேயே வையுங்கள். இந்த வரம்பை உயர்த்தச் சொல்லி மென்பொருள் குழுவினர் உங்களிடம் வந்து நிற்பார்கள். இப்போதே பதிலைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

எந்த நிலையில் கார் இருக்கிறது என்று ஓட்டுநருக்குச் சந்தேகமே வரக் கூடாது. எங்கள் ஓட்டுநர் ஒருமுறை பிரேக்கில் கால் லேசாகப் பட்டு, கார் கைமுறைக்கு மாறியதை அறியாமல், அது ஓட்டிக்கொள்ளும் என்று காத்திருந்தார். ஸ்டீயரிங்கை அப்போது யாரும் பிடித்திருக்கவில்லை. கார் மெதுவாக ஓரக்கல்லை நோக்கிப் போனது. பக்கத்தில் இருந்தவர் கத்தியதால் தப்பினோம். மாறியதைச் சொல்லும் ஒலி இருந்தது, ஆனால் அதே ஒலியைத்தான் இன்னும் நான்கு விஷயங்களுக்கும் வைத்திருந்தோம். தானோட்டிக்குப் போக ஓர் ஒலி, அதிலிருந்து வெளியே வர முற்றிலும் வேறோர் ஒலி, இரண்டையும் வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது.

காரோடு வந்த தொழிற்சாலை அவசர பிரேக் அமைப்பை அணைக்கிறீர்கள் என்றால், அதற்குப் பதிலாக எது இருக்கிறது என்று எழுதிக் காட்டுங்கள். டெம்பி விபத்தில் அந்த வோல்வோ காரின் சொந்த அவசர பிரேக், கணினி ஓட்டும்போது அணைக்கப்பட்டிருந்தது. ஊபரின் மென்பொருளோ, ஆபத்தைக் கண்ட பிறகும் ஒரு நொடி ஒன்றும் செய்யாமல் காத்திருக்கும்படி எழுதப்பட்டிருந்தது. பொய் எச்சரிக்கைகளால் கார் அடிக்கடி பிரேக் போடுவதைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடு. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு முடிவுக்கும் காரணம் இருந்தது.

அப்புறம் சாதாரண விஷயங்கள்: டிக்கியில் வைத்த கணினிகளைப் போல்ட் போட்டு இறுக்குவது, ஒவ்வொரு மின் வழிக்கும் ஃபியூஸ், தீயணைப்பான், மொத்த எடை வாகன வரம்புக்குள் இருக்கிறதா என்ற எடைச் சீட்டு. ஆய்வாளர்கள் முதலில் பார்ப்பது இவற்றைத்தான்.

5. பாதுகாப்பு ஓட்டுநர்: பணத்தை இங்கே போடுங்கள்

சும்மா உட்கார்ந்திருக்கும் வேலைதானே என்று பயிற்சிப் பணியாளர் ஒருவரை உட்கார வைக்கும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் காரை ஓட்டுவதைவிட, ஓடும் காரை ஓட்டாமல் கண்காணிப்பது கடினம். ஒன்றும் நடக்காத திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் கவனம் அரை மணி நேரத்திலேயே சரியத் தொடங்கும் என்பதை 1948-லேயே மாக்வொர்த் என்ற உளவியலாளர் சோதித்துக் காட்டிவிட்டார். கார் நன்றாக ஓட ஓட இந்த ஆபத்து கூடும். மோசமாக ஓடும் காரில் ஓட்டுநர் விழிப்பாகத்தான் இருப்பார். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மட்டும் தவறும் கார்தான் ஆளைத் தூங்க வைக்கும்.

தேர்வு: நல்ல ஓட்டுநர் வரலாறு, மது வழக்கு இல்லாமை, அப்புறம் "தெரியவில்லை, நிறுத்திவிட்டேன்" என்று கூசாமல் சொல்லும் குணம். வேகப் பிரியர்கள் வேண்டாம். மென்பொருளை எழுதியவரே ஓட்டுநராக இருப்பதும் வேண்டாம். தன் குழந்தை அடுத்து என்ன செய்யும் என்று பார்க்கத்தான் அவருக்கு ஆசை இருக்கும்.

பயிற்சி: எங்களுக்கு ஓர் ஆளுக்கு ஐந்து வாரம் ஆனது. முதல் வாரம் வகுப்பு: அமைப்பு எப்படி வேலை செய்கிறது, எங்கெல்லாம் தவறும். இரண்டாவது வாரம் திடலில் கைமுறை ஓட்டம், திடீர் பிரேக், வழுக்கும் தரை. மூன்றாவது வாரம்தான் உயிர்நாடி. பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லாமல் பிழைகளை நுழைப்பார்: ஸ்டீயரிங் திடீரென இழுக்கும், பிரேக் போடாது, தேவையில்லாமல் பிரேக் போடும். ஒவ்வொரு முறையும் எத்தனை நொடியில் கைப்பற்றினார், காரைத் தடத்துக்குள் வைத்தாரா என்று அளக்க வேண்டும். நான்காவது வாரம் அனுபவமுள்ளவரின் பக்கத்தில் அமர்ந்து பார்ப்பது, ஐந்தாவது வாரம் அவர் பார்க்க ஓட்டுவது. வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்.ஏ.இ.-யின் ஜே3018 என்ற வழிகாட்டியும் பாஸ் 1884-ம் இந்தப் பகுதிக்கு உதவும்.

அளவுகளை ஓட்டுநருக்கும் காட்டுங்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் கார் நொடிக்கு 14 மீட்டர் போகிறது. கவனித்துக் காலை வைக்க ஒன்றரை நொடி ஆனால் 21 மீட்டர். காய்ந்த சாலையில் நின்று முடிக்க இன்னும் 14 மீட்டர். ஆக 35 மீட்டர். கைப்பேசியை ஒரு நொடி பார்த்தால் அதோடு 14-ஐக் கூட்டுங்கள். இதற்குப் பிறகு நான் கைப்பேசியைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்ற வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கைப்பேசி காருக்குள் பெட்டியில் பூட்டப்பட்டே இருக்கும். உள்ளே ஓட்டுநரைப் பார்க்கும் கேமராவும் வேண்டும். அதன் பதிவை யாராவது வாரம் தோறும் உண்மையாகவே பார்க்கவும் வேண்டும். டெம்பி காரிலும் உள்நோக்கிய கேமரா இருந்தது, இருந்தது மட்டும் போதவில்லை.

இரண்டு பேர் இருக்கட்டும். ஓட்டுநர் சாலையைப் பார்ப்பார், பக்கத்தில் இருப்பவர் திரையைப் பார்த்து, கார் எதைக் கண்டது, அடுத்து என்ன செய்யப்போகிறது என்று வாய்விட்டுச் சொல்வார்: "இடது திருப்பம், சைக்கிள் பார்த்தாச்சு, வழி விடுது." திரையில் சைக்கிள் இல்லை என்றால் ஓட்டுநர் அந்த நொடியே கைப்பற்றுவார். செலவைக் குறைக்க முதலில் வெட்டத் தோன்றுவது இந்த இரண்டாவது ஆளைத்தான். ஊபர் தன் கார்களில் இரண்டு பேரை ஒருவராகக் குறைத்தது அந்த விபத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பு.

நேரம்: எங்கள் விதி ஒரு மணி நேரம் ஓட்டம், பிறகு கட்டாய இடைவேளை, ஒரு நாளில் தானோட்டி நிலையில் மொத்தம் நான்கு மணி நேரத்துக்கு மேல் கிடையாது. இதை அட்டவணையில் போட்டுப் பாருங்கள்: ஒரு காருக்கு ஒரு ஜோடி போதாது, குறைந்தது இரண்டு ஜோடி வேண்டும். எங்கள் முதல் பட்ஜெட்டில் ஒரு ஜோடிதான் இருந்தது.

இப்போது நான் பார்த்ததிலேயே மோசமான பொறி. பின் இருக்கையில் அமர்ந்த பொறியாளர் சொல்வார்: "இன்னும் கொஞ்சம் விடுங்க, என்ன செய்யுதுன்னு பார்ப்போம்." இந்த ஒரு வாக்கியத்தைக் காருக்குள் தடை செய்யுங்கள். சொன்னவரை அன்றே இறக்கிவிடுங்கள், எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும். ஓட்டுநர் கைப்பற்றாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரிய வேண்டுமா? பதிவான தரவைச் சிமுலேஷனில், அதாவது கணினிக்குள் ஓடும் போலிச் சாலையில், போட்டுப் பாருங்கள். அங்கே யாருக்கும் அடிபடாது.

இதன் மறுபக்கம்: கைப்பற்றல்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று ஓட்டுநருக்கு இலக்கு வைக்காதீர்கள். தேவையில்லாமல் கைப்பற்றினார் என்று ஒருவரைக் கூட்டத்தில் கிண்டல் செய்தாலே போதும், அடுத்த முறை அவர் அரை நொடி யோசிப்பார். அந்த அரை நொடிக்கு 7 மீட்டர்.

6. ஒரு சோதனை நாள்

காலையில் 20 நிமிடம். டயர், பிரேக், விளக்கு, சென்சார் கண்ணாடிகளைத் துடைத்தல், திடலில் அல்லது நிறுத்துமிடத்தில் மூன்று வழியிலும் கைப்பற்றிப் பார்த்தல், வானிலை, பாதையில் புதிதாகச் சாலைப் பணி இருக்கிறதா, ஓட்டுநர் நேற்று நன்றாகத் தூங்கினாரா. கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்பவருக்கு அன்று அலுவலக வேலை, சம்பளம் குறையாது. சம்பளம் குறையும் என்றால் எல்லோரும் நன்றாகத் தூங்கியதாகவே சொல்வார்கள்.

சரிபார்ப்புப் பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டினால் படிக்காமல் டிக் அடிப்பார்கள். எங்களுடையது முதலில் 74 வரி. இப்போது 19.

மாலையில் 15 நிமிடம் உட்கார்ந்து, ஒவ்வொரு கைப்பற்றலையும் அன்றே வகை பிரியுங்கள். மறுநாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

7. மென்பொருள் மாறினால் எல்லாமே மாறியது என்று கொள்ளுங்கள்

புதுப் பதிப்பு சாலைக்கு வரும் வழி: பழைய சம்பவங்களைக் கொண்ட சிமுலேஷன், திடல், பிறகு பழக்கமான பாதையில் குறைந்த வேகம், பிறகே முழுப் பாதை. இதைச் சுருக்க எந்தக் காரணமும் ஏற்கத்தக்கதல்ல. நிறுத்துமிடத்தில் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு "ஒரு சின்னத் திருத்தம்தான்" என்று யாராவது சொன்னால் அன்றைய சோதனை முடிந்தது.

அளவுருக் கோப்புகளும் (கார் நடந்துகொள்ளும் விதத்தை முடிவு செய்யும் எண்கள் உள்ளவை) வரைபடமும் மென்பொருள்தான். ஒரே ஓர் எண்ணை மாற்றினோம், அதற்குப் பதிப்பு எண் கூட்டவில்லை. இரண்டு நாள் கழித்து கார் ஏன் முன்னால் போகும் வண்டியை இவ்வளவு நெருங்குகிறது என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஓட்டுநருக்கும் காலையிலேயே சொல்ல வேண்டும்: இன்று எது மாறியிருக்கிறது, எங்கே கூடுதலாக உஷாராக இருக்க வேண்டும்.

8. சம்பவம் நடந்தால்

இதைக் காகிதத்தில் எழுதி முடித்தால் போதாது, ஒத்திகை பார்க்க வேண்டும். முதல் ஒத்திகையில் எங்கள் ஓட்டுநர் அழைத்த எண்ணை யாரும் எடுக்கவில்லை. அது நான் பழைய கைப்பேசியில் வைத்திருந்த எண்.

வரிசை இது: கைமுறைக்கு மாறி, காரை முழுதாக நிறுத்தி, தானோட்டியை அணைக்கவும். காரைச் சுற்றியும் அடியிலும் பார்க்காமல் நகர்த்தக் கூடாது. காயம் என்றால் அவசர உதவிக்கு அழைக்கவும். பிறகே பொறுப்பாளருக்கு. தரவுப் பெட்டியை யாரும் தொடக் கூடாது. மற்ற எல்லாக் கார்களும் அந்த நிமிடமே கைமுறைக்கு மாற வேண்டும்.

நகர்த்துவதைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 2023 அக்டோபர் 2 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில், வேறொரு கார் மோதித் தூக்கி எறியப்பட்ட ஒரு பெண் க்ரூஸ் நிறுவனத்தின் ஆளில்லா காரின் முன் விழுந்தார். அந்தக் காரும் மோதி நின்றது. பிறகு, ஓரமாக ஒதுங்க வேண்டும் என்று தானே முடிவெடுத்து, அடியில் சிக்கியிருந்தவரைச் சுமார் 6 மீட்டர் இழுத்துச் சென்றது. சில வாரங்களில் கலிஃபோர்னியா அதன் அனுமதியை நிறுத்தியது. அதற்கான காரணங்களில் ஒன்று விபத்துக்குப் பின் நடந்தது: இழுத்துச் சென்ற பகுதியை முதலில் தங்களுக்குக் காட்டவில்லை என்றது மோட்டார் வாகனத் துறை, முழு வீடியோவையும் காட்டினோம் என்றது நிறுவனம். விபத்தை முழுமையாக அறிவிக்காததற்காக 2024-ல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 15 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது.

ஆகவே அதிகாரிகளிடம் போகும்போது, மோசமான பகுதியை நீங்களே வாயால் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வீடியோவே பேசிக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள்.

அறிக்கைக்கான கெடுவைச் சுவரில் ஒட்டுங்கள். கலிஃபோர்னியாவில் மோதல் அறிக்கைக்கு 10 நாள். மேலே சொன்ன அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் 2021 உத்தரவு கடுமையான விபத்துகளுக்கு ஒரு நாள் என்றது. 2025-ல் அது ஐந்து நாளானது. ஒரே விபத்துக்கு இரண்டு அலுவலகம், இரண்டு படிவம், இரண்டு கெடு என்று ஆகலாம்.

தரவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: உள்கேமரா, வெளிக்கேமரா, லைடார் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் சென்சார்), கட்டளைப் பதிவு எல்லாம் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும். எங்கள் உள்கேமராவின் நேரம் 1.8 நொடி பின்தங்கியிருந்தது. ஓட்டுநர் தாமதமாகக் கைப்பற்றினார் என்று எழுதிவிட்டோம். அவர் சரியான நேரத்தில்தான் செய்திருந்தார். மன்னிப்புக் கேட்டோம், ஆனால் அறிக்கை அதற்குள் அனுப்பப்பட்டிருந்தது.

அவசர உதவியாளர்களுக்கான ஒரு பக்கக் குறிப்பையும் மறக்காதீர்கள்: காரை எப்படி அணைப்பது, உயர் மின்னழுத்த வயர் எங்கே, எங்கே வெட்டக் கூடாது, யாரை அழைப்பது. பாதையில் உள்ள தீயணைப்பு நிலையத்துக்குக் காரைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒரு மணி நேர வேலை.

9. செலவும் காலமும்

எங்கள் செலவில் முதலிடம் ஓட்டுநர்களுக்கு. இரண்டாவது காப்பீடு. மூன்றாவது, நான் எதிர்பார்க்காதது: தரவுச் சேமிப்பு. ஒரு நாள் ஓட்டத்தில் டெராபைட் கணக்கில் குவியும். சம்பவம் நடந்த பகுதியை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க வேண்டும், மற்றதை எப்போது அழிக்கலாம் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். நான்காவது திடல் வாடகை. ஓட்டுநர் பயிற்சிக்கும் ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் திடல் வேண்டும் என்பதால், ஒரு மாதம் என்று நினைத்தது ஆண்டு முழுவதும் நீளும்.

மறுபடி தொடங்குவதாக இருந்தால் நான் போகும் வரிசை: முதல் வாரம் பொறுப்பாளர் கையெழுத்து, வழக்கறிஞர், காப்பீட்டாளருடன் முதல் சந்திப்பு. இரண்டாவது மாதத்துக்குள் இயக்க எல்லையும் பாதுகாப்பு வாதத்தின் முதல் வரைவும். காரைக் கட்டும்போதே ஓட்டுநர்களை வேலைக்கு எடுத்தல். அவர்கள் ஒலிகளையும் பொத்தான்களையும் பற்றிச் சொல்வதைக் கேட்டுக் காரைக் கட்டினால் பிறகு பிரிக்க வேண்டியிராது. நான்காவது மாதம் திடல். ஐந்தாவதில் விண்ணப்பம், அது திரும்பி வரும் என்று கணக்கில் வைத்து ஒரு மாதம் கூடுதல். ஆறாவது மாதக் கடைசியில், எல்லாம் சரியாகப் போனால், சாலை.

காப்பீட்டைப் புதுப்பிக்கும் தேதியை நாட்காட்டியில் இரண்டு மாதம் முன்னதாகக் குறியுங்கள். பாதை மாறினாலோ, கார் எண்ணிக்கை கூடினாலோ, இரவு ஓட்டத்தைச் சேர்த்தாலோ, காப்பீட்டாளருக்கும் அனுமதி தந்த அலுவலகத்துக்கும் எழுத்தில் சொல்லிப் பதில் வாங்கிய பிறகே ஓட்டுங்கள். புதுக் கார் வந்து நின்ற பிறகு அல்ல, ஆர்டர் கொடுக்கும் முன்பே.